‘ரியலைஸ்’ என்று எழுதிவிட்டேன், வேலை போய்விடுமா?

பினாங்கு வாசகி ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறார். விஷயம் அவசரம் என்பதால் அவருக்கு முதலிலேயே தனியாகப் பதில் போய்விட்டது. தொழிற்சாலையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அவர் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கி இங்கே தருகிறேன்.

வாசகிக்கு வயது 47. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக வேலை, அதில் கடைசி ஆறு ஆண்டு லைன் லீடர். பெருநிலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறார். போன மாதம் ஒரு நைட் ஷிஃப்டில், தவறான லேபிள் ஒட்டிய பெட்டிகள் நாற்பது வெளியே போய்விட்டன. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘நடைமுறைப்படி லேபிளைச் சரிபார்க்கவில்லை’ என்று வாசகியின் கைக்கு ஷோ காஸ் கடிதம், அதாவது காரணம் கேட்கும் கடிதம், வந்தது, ஆங்கிலத்தில். மூன்று வேலை நாளுக்குள் பதில் வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் மகள் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு வரி: ‘ஐ ரியலைஸ் தட் ஐ டிட் நாட் ஃபாலோ தி ப்ரொசீஜர், அண்ட் ஐ அக்நாலெட்ஜ் மை மிஸ்டேக்.’

வாசகி மகளிடம் சொன்னது வேறு. ‘நீங்க சொல்றது எனக்கு விளங்குது, மன்னிச்சுக்குங்க’ என்று மரியாதையாக எழுதச் சொல்லியிருக்கிறார். லேபிள் பிரிண்டரின் செட்டிங்கை முந்தின ஷிஃப்டில் யாரோ மாற்றிவிட்டு, சொல்லாமல் போய்விட்டார்களாம். அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. எழுதினால் எதிர்த்துப் பேசுவது போலாகிவிடும் என்று இவரே விடச் சொல்லிவிட்டார்.

இப்போது அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் டொமெஸ்டிக் இன்குவைரி, கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை. எச்.ஆர். பெண் போனில், ‘நீங்களே ஒப்புக்கிட்டு எழுதியிருக்கீங்களே அக்கா, அப்புறம் என்ன?’ என்று கேட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, ஏப்ரலில் புதிய நடைமுறையைப் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, ‘ஐ ஹேவ் ரெட் அண்ட் அண்டர்ஸ்டுட்’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அவர் கேள்விகள்: ரியலைஸ், அண்டர்ஸ்டாண்ட் இரண்டும் ஒன்றுதானே, அகராதியில் இரண்டுக்கும் ‘புரிந்துகொள்’ என்றுதானே இருக்கிறது? எழுதியதைத் திரும்ப வாங்கலாமா? ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் போட்ட கையெழுத்து செல்லாது என்று அவருடைய மச்சான் சொல்கிறாரே, உண்மையா? பேசாமல் ராஜினாமா செய்துவிட்டால் மரியாதையாவது மிஞ்சுமா? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் போய்விடுமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு பக்கத்தில் மூன்று இடத்தில் அதைக் கேட்டிருக்கிறீர்கள். இபிஎஃப் போகாது. வேலையை விட்டு நீக்கினாலும், நீங்களாக விட்டாலும், உங்கள் கணக்கில் சேர்ந்திருப்பது உங்கள் பணம். தண்டனை என்று சொல்லி முதலாளி அதில் கை வைக்க முடியாது. இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்குங்கள்.

அடுத்தது உங்கள் மகள். அழுதுகொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள். நான் சட்டம் படித்து முடித்து, கோலாலம்பூரில் ஒரு மூத்த வக்கீலிடம் சேம்பரிங் (பயிற்சி) செய்துகொண்டிருந்த காலத்தில், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘உங்கள் கட்சிக்காரர் பணம் கட்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள், தெரிந்துகொண்டோம்’ என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம். நான் எழுதியது ‘வீ ரியலைஸ் தட் யுவர் கிளையண்ட் ஹேஸ் பெய்ட்.’ என் மாஸ்டர் சிவப்புப் பேனாவால் அந்த வரியைச் சுற்றிவிட்டு, ‘நீ யாருக்கு வேலை செய்கிறாய், நமக்கா அவர்களுக்கா?’ என்று கேட்டார். கடிதம் போகாமல் தப்பியது. சட்டப் பட்டம் வாங்கியவனே விழுந்த குழியில்தான் பதினேழு வயதுப் பெண் விழுந்திருக்கிறாள்.

அகராதியில் தமிழ் அர்த்தம் ஒன்றுதான் என்பது சரி. ஆனால் கடிதத்தில் அந்த இரண்டு சொல்லும் செய்யும் வேலை வேறு.

‘சொல்றது’ எங்கே விழுந்தது?

நீங்கள் தமிழில் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். ‘நீங்க சொல்றது எனக்கு விளங்குது.’ இதில் விளங்கியது என்ன? அவர்கள் சொல்வது. அது உண்மையா பொய்யா என்பதில் நீங்கள் தலையிடவே இல்லை. நம் பேச்சில் இந்தச் ‘சொல்றது’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சொன்னவர் பொறுப்பு சொன்னவருக்கு, விளங்கியது மட்டும் எனக்கு.

ஆங்கிலத்துக்குப் போனபோது அந்தச் ‘சொல்றது’ வழியில் விழுந்துவிட்டது. ‘நான் நடைமுறையைப் பின்பற்றவில்லை’ என்பது மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்னால் ‘ரியலைஸ்’ வந்து நின்றது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘ரியல்’ இருக்கிறது பாருங்கள். ‘ஐ ரியலைஸ் தட்’ என்று தொடங்கினால் அதற்குப் பின்னால் வருவது நிஜம் என்று எழுதுபவரே ஜாமீன் நிற்கிறார். நடந்தது நிஜம், அது இப்போது என் மனதில் உறைக்கிறது என்று அர்த்தம். தமிழில் ‘தவறை உணர்ந்தேன்’ என்பதற்கு அருகில் வரும்.

உங்கள் மகள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்குத் தெரிகிறது. ‘அண்டர்ஸ்டாண்ட்’ தினமும் புழங்குகிற சாதாரணச் சொல். ‘ரியலைஸ்’ கொஞ்சம் உயர்ந்ததாக, பணிவாகக் காதில் விழும். கட்டுரைக்கு மார்க் வாங்கித் தரும் சொல் வேறு, ஷோ காஸ் கடிதத்துக்கு ஏற்ற சொல் வேறு.

மலாயில் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கே பிடிபட்டுவிடும். சூப்பர்வைசர் எது சொன்னாலும் ‘ஃபாஹாம், ஃபாஹாம்’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். ஆனால் ‘சாயா செடார் கெசிலாப்பான் சாயா’ (என் தவறை உணர்கிறேன்) என்று எழுதித் தா என்றால் பேனா நின்றுவிடும். அது ஒப்புதல் வாக்குமூலத்தில் வரும் வாசகம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ‘அண்டர்ஸ்டாண்ட்’ ஏறக்குறைய ‘ஃபாஹாம்’, ‘ரியலைஸ்’ ஏறக்குறைய ‘செடார்.’ மலாயில் உங்களுக்கு இருக்கும் காது ஆங்கிலத்தில் இல்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் பதிலை மலாயிலேயே கொடுத்திருக்கலாம். ஆங்கிலக் கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இதே ‘ரியலைஸ்’ எதிர்மறையில் வந்தால் உங்கள் பக்கம் சாயும். ‘ஐ டிட் நாட் ரியலைஸ் தட் தி செட்டிங் ஹேட் பீன் சேஞ்ச்ட்’ என்று எழுதியிருந்தால், செட்டிங் மாற்றப்பட்டது நிஜம், அது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது என்று ஒரே வரியில் இரண்டும் சொன்னதாகியிருக்கும். முன்னால் ‘நாட்’ வந்தாலும் பின்னால் வருவதை உண்மை என்றே அந்தச் சொல் வைத்துக்கொள்ளும். ஆனாலும் நானாக இருந்தால் அதையும் எழுத மாட்டேன். ‘கண் முன்னால் இருந்தது, கவனிக்கவில்லை’ என்ற வாடை அதில் லேசாக அடிக்கும். ‘ஐ வாஸ் நாட் டோல்ட்’, எனக்குச் சொல்லப்படவில்லை, என்பது இன்னும் நேரானது. சொல்ல வேண்டிய கடமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியை அது கிளப்பும்.

‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட் தி செட்டிங்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செட்டிங்கே தெரியாதவர் எப்படி லைன் லீடர் ஆனார் என்று கேட்பார்கள்.

‘அண்டர்ஸ்டாண்ட்’ போட்டிருந்தால்?

உங்கள் கடிதத்தில் ‘ரியலைஸ்’ இருந்த இடத்தில் ‘அண்டர்ஸ்டாண்ட்’ போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். முழுதாக இல்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் தி அலிகேஷன்’ என்றால் குற்றச்சாட்டு என்ன என்று விளங்குகிறது, அவ்வளவே. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் தட் தி பாக்ஸஸ் வேர் ரிட்டர்ண்ட்’ என்றால் பெட்டிகள் திரும்பி வந்ததாகக் கேள்விப்படுகிறேன் என்று பொருள். சொன்னது யாரோ, நான் கேட்டுக்கொண்டேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள் என்ற தொனி அதில் உண்டு. வக்கீல்கள் இந்த இரண்டாவது முகத்தை நாள் முழுக்கப் பயன்படுத்துவோம். ஆனால் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் மை மிஸ்டேக்’ என்று ‘மை மிஸ்டேக்’ கூட வந்துவிட்டால் இந்தச் சொல்லும் காப்பாற்றாது. தவறு என்னுடையது என்று பெயர்ச்சொல்லே சொல்லிவிடுகிறது.

ஆகவே எந்தச் சொல் எழுதினாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இதற்குப் பின்னால் வரும் விஷயம் உண்மை என்று யார் பொறுப்பேற்கிறார்கள், நானா, எதிரே இருப்பவரா?

‘அக்நாலெட்ஜ்’ விஷயத்திலும் இதே கோளாறுதான். ஷோ காஸ் கடிதத்தின் அடியில் ‘அக்நாலெட்ஜ் ரிசீட்’ என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மகள் அதைப் பார்த்துத்தான் எடுத்திருப்பாள், இது ‘கிடைத்தது’ என்பதற்கு மரியாதைச் சொல் என்று நினைத்து. ‘ரிசீட்’ கூட வந்தால் அது சரி, கடிதம் கைக்கு வந்தது என்பதோடு முடிந்தது. ‘மை மிஸ்டேக்’ கூட வந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்றாகிவிடும். ‘ஃபாலோ’வும் அப்படித்தான். ‘டிட் நாட் ஃபாலோ தி ப்ரீஃபிங்’ என்றால் விளக்கியது விளங்கவில்லை. ‘டிட் நாட் ஃபாலோ தி ப்ரொசீஜர்’ என்றால் விதியை மீறினேன். வினை ஒன்று, பக்கத்தில் வந்த பெயர்ச்சொல் ஆளை மாற்றிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ‘ஸ்கிரீனில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்துதான் பெட்டியை விட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய நடைமுறை கேட்பதும் அதைத்தானே? ஸ்கிரீனே தப்பாகக் காட்டியிருந்தால், நீங்கள் நடைமுறையைப் பின்பற்றியிருக்கிறீர்கள். அப்படியானால் நடக்காத ஒன்றை நடந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நடைமுறைத் தாளை நான் பார்க்கவில்லை. அதில் வேறு ஏதாவது, பேட்ச் ஷீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது போல இருந்தால் கதை மாறும். முதல் வேலையாக அதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

மற்ற சொற்கள்

நீங்கள் கேட்டது இரண்டு சொல்தான். ஆனாலும் விசாரணையில் காதில் விழக்கூடியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எல்லாரும் போடும் ‘நோட்டட்’ என்பது குறித்துக்கொண்டேன் என்பது. மலாயில் ‘அம்பில் மக்லும்’ என்று வரும். சம்மதம் அதில் இல்லை, ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. அதனால் அந்த ஷிஃப்ட் அன்று குழுவில் வந்த செய்திகளையும், நீங்கள் எதற்காவது ‘நோட்டட்’ போட்டிருக்கிறீர்களா என்பதையும் தேடிப் பாருங்கள். இது முக்கியம்.

‘ஐ சீ’ என்றால் ம், கேட்கிறேன் என்ற அளவுதான். ‘ஐ சீ யுவர் பாயிண்ட்’ என்பவர் அடுத்த வாக்கியத்தில் ‘பட்’ போடப்போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ‘அப்ரிஷியேட்’ என்றதும் பாராட்டு என்று நினைக்காதீர்கள். ‘டு யூ அப்ரிஷியேட் தி சீரியஸ்னெஸ்?’ என்று கேட்டால், இதன் தீவிரம் உங்களுக்கு உறைக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘ஐ கேதர்’ என்பது பேச்சிலிருந்து ஊகித்துக்கொண்டேன் என்பது. லேபிள் எழுத்து மங்கலாக இருந்து படிக்க முடியாமல் போயிருந்தால் ‘குட் நாட் மேக் இட் அவுட்’, கண்ணுக்குப் பிடிபடவில்லை. மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘காம்ப்ரிஹெண்ட்’ பள்ளிக்கூடத் தேர்வுத்தாளிலும் நீதிமன்றத்திலும் உலாவும் சொல், நமக்கு வேண்டாம். ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று நம்மவர்கள் சொல்வது இலக்கணப்படி தப்பு. ‘நான் பிறர் கஷ்டம் புரிந்தவள்’ என்று அர்த்தமாகிவிடும். ஆனால் அதனால் யாருக்கும் வேலை போனதில்லை.

ஏப்ரல் கையெழுத்து

மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் கையெழுத்து கட்டுப்படுத்தும் என்பது 1934-இல் ஓர் இங்கிலாந்து வழக்கில் உறுதியானது. நம் நீதிமன்றங்களும் ஏற்கும் கொள்கை அது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினால் கதை வேறு. ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று மட்டும் விசாரணையில் சொன்னால், ஆறு ஆண்டு ஆங்கிலத்தில் ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதியது எப்படி என்று ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தாள் எதை நிரூபிக்கிறது என்று பாருங்கள். ஏப்ரலில் ஒரு விதி உங்களுக்குப் புரிந்தது என்பதை மட்டும். ஒரு குறிப்பிட்ட ராத்திரி பிரிண்டரில் என்ன மாறியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும் என்பதை அது நிரூபிக்காது. புரிவது வேறு, தெரிவது வேறு. தமிழில் நாம் இந்த இரண்டையும் குழப்புவதே இல்லை. விசாரணையிலும் குழப்ப விடாதீர்கள்.

எழுதியதை என்ன செய்வது

கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. கேட்கவும் வேண்டாம், எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும். இன்னொரு கடிதம் கொடுங்கள், விசாரணைக்கு முன்பே. அதில் எழுத வேண்டியது: முதல் கடிதம் மூன்று நாளில், சட்டம் தெரிந்தவர் உதவியின்றி எழுதப்பட்டது. குற்றச்சாட்டை அறிந்துகொண்டேன் என்று சொல்வதே நோக்கம். குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அன்று நடந்தது இது. இவ்வளவு போதும். நேரம், இயந்திர எண், உங்களுக்கு முன் ஷிஃப்டில் யார், பொறுப்பு மாற்றும் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் வரிசையாக வரட்டும். பிரிண்டரில் செட்டிங் மாறிய நேரம் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு தாள் நான் மேலே சொன்ன சொல்லாராய்ச்சி முழுவதையும் விட உங்களுக்கு அதிகம் உதவக்கூடும்.

சட்டத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 31-ஆவது பிரிவுப்படி, ஒப்புதல் என்பது முடிந்த முடிவான சான்று அல்ல. அது ஏன், எப்படி வந்தது என்று விளக்கலாம். விஷயம் தொழிலியல் நீதிமன்றம் வரை போனால், அது 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 30(5) பிரிவின்படி நியாயத்தையும் மனசாட்சியையும் விஷயத்தின் சாரத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், சட்ட நுணுக்கத்தில் தொங்கக் கூடாது. ஒரு வினைச்சொல்லுக்காக மட்டும் 19 ஆண்டு வேலை போவதை அங்கே ஏற்பது கடினம்.

அதற்காக ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கீன வழக்குகளில் முதலாளி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. அந்தத் தராசில் உங்கள் முதல் கடிதம் அவர்கள் தட்டில் இருக்கிறது. இரண்டாவது கடிதம் தாமதமாகத் தாமதமாக ‘யோசித்து ஜோடித்தது’ என்று சொல்ல வசதியாகிவிடும்.

முதல் கடிதத்தை மகள் எழுதினாள் என்பதைச் சொல்லலாம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘மகள் தப்பாக எழுதிவிட்டாள்’ என்று அவள் தலையில் போட வேண்டாம். கையெழுத்து உங்களுடையது.

அரைச் சம்பளமும் ராஜினாமாவும்

வீட்டில் உட்கார வைத்ததையே தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, விசாரணைக்காக ஒருவரை இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் நிறுத்தி வைக்கலாம் என்கிறது. பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று முடிந்தால் பிடித்த மீதியைத் திருப்பித் தர வேண்டும். எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். குற்றம் உறுதியானாலும் வேலைநீக்கம் ஒன்றுதான் வழி என்றில்லை. பதவி இறக்கலாம், அதைவிடக் குறைந்த தண்டனை ஏதாவது கொடுக்கலாம். கறையில்லாத 19 ஆண்டு அங்கே பேசும்.

ராஜினாமாவைப் பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் ‘நியாயமின்றி நீக்கினார்கள்’ என்று தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் புகார் செய்யும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டிவரும், அது லேசான வேலை அல்ல. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் மனமுவந்து விலகியவருக்குப் பணம் கிடையாது. உண்மையைச் சொன்னால், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. ஆனால் நீக்கினால் எதிர்த்துக் கேட்க முடியும். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும், 61-ஆவது நாள் கதவு மூடிவிடும். 2021 முதல் சமரசம் பலிக்காத வழக்குகளைத் தலைமை இயக்குநரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார், முன்பு போல அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வென்றால் பின்சம்பளம் 24 மாதம் வரை, மறுபடி வேலைக்கு எடுக்காவிட்டால் அதற்கு ஈடாக வழக்கமாகச் சேவை செய்த ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். உங்கள் கணக்கில் 19 மாதம். உங்கள் பக்கத்திலும் தவறு இருந்தது என்று நீதிமன்றம் கண்டால் இந்தத் தொகையைக் குறைக்கும். அளவுக்கு மீறிப் பணிந்து எழுதிய வரி அங்கேதான் மறுபடி எழுந்து நிற்கும்.

ராஜினாமாவில் ஒரே லாபம், ‘நீக்கப்பட்டவர்’ என்ற சொல் உங்கள் பெயரோடு வராது. வேறு வேலை கையில் தயாராக இருக்கிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த வாரம் அந்த அறையில்

விசாரணையில் தமிழிலோ மலாயிலோ பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. யூனியன் இருந்தால் அதன் பிரதிநிதியைக் கூட்டிப்போக முடியுமா என்று விதியைப் பாருங்கள். யூனியன் இல்லை என்றால் எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. உங்கள் கடிதம் ஒன்றை மட்டும் படித்துவிட்டுத்தான் நான் இதையெல்லாம் சொல்கிறேன் என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளே போனதும் பெரும்பாலும் முதல் கேள்வியே ‘டு யூ அண்டர்ஸ்டாண்ட் தி சார்ஜ்?’ என்றுதான் வரும். சூடுபட்டிருக்கிறீர்கள், அதனால் பயந்துபோய் ‘இல்லை’ என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இந்தக் கேள்வியில் பொறி இல்லை, குற்றச்சாட்டு என்ன என்று விளங்குகிறதா என்றுதான் கேட்கிறார்கள். ‘விளங்குகிறது. ஏற்கவில்லை’ என்று சொல்லுங்கள். இரண்டும் தனித்தனி வாக்கியமாக வரட்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கமாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ‘விளங்குகிறது’ என்று சொன்ன இடத்தில் அவர்கள் ‘ரியலைஸ்ட்’, ‘அட்மிட்டட்’ என்று தட்டியிருந்தால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடியில் முழுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த இரண்டாவது கடிதம் இரண்டு நாளுக்குள் எச்.ஆர். கைக்குப் போகட்டும், ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால், மேலே நான் சொன்னதைப் படிக்கக் கொடுத்துவிட்டு, உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்.